டில்லர் கனத்தால் பாயைப் பாருங்கள்

பாய்ப்படகு வைத்திருப்பவர்களும், படகுக்குப் பட்டறை வேலை செய்து தருபவர்களும் அனுப்பும் கேள்விகளுக்கு, கப்பலில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் கிருஷ்ணகிரி எழுத்தாளர் பதில் தருகிறார். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் நீளக் கைப்பிடியைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கிய 24 அடி பாய்ப்படகைப் புதுச்சேரியில் நிறுத்தியிருக்கிறோம். சுக்கான் படகின் பின்சுவரில் தொங்குகிற வகை. காற்று 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) இருக்கும்வரை டில்லர் இரண்டு விரலில் நிற்கிறது. 15 நாட்டைத் தாண்டினால் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் விட்டாலும் படகு காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. டில்லரை ஒரு அடி நீட்டலாம் என்கிறார் ஒரு நண்பர். பழைய கார் ஸ்டீயரிங் ரேக் ஒன்றை வாங்கி வீல் போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது நல்லது?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏர் ஓட்டுகிறவர் மேழி கனத்தால் கொழு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்; மேழியை ஒரு முழம் நீட்டித் தரச் சொல்லித் தச்சரிடம் போக மாட்டார். உங்கள் டில்லரும் அதைத்தான் சொல்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது, கனம் கையில் தெரிகிறது.

முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். காற்றில்லாத காலை நேரத்தில் பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் 4, 5 நாட் வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதும் டில்லர் கனத்தால் சுக்கான் பலகையிலோ, அதைப் பின்சுவரில் மாட்டியிருக்கும் கீலிலோ பழுது. லேசாக இருந்தால் சுக்கான் மேல் குற்றமில்லை, பாய்தான் காரணம். அப்புறம் படகு கட்டிக் கிடக்கும்போது டில்லரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல நகர்த்துங்கள். எங்கேயாவது உரசிப் பிடித்தால் கீல் இறுகியிருக்கிறது. 'டக் டக்' என்று ஆடினால் கீல் ஆணியைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 நாட் காற்று 15 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்கு ஆகும். நீங்கள் அதே பாயை அப்படியே வைத்திருக்கிறீர்கள். படகு சாய்கிறது. சாயும்போது பாய் தண்ணீருக்கு மேல் ஒரு பக்கமாக வெளியே போய்விடும். முன்னே தள்ளும் விசை அங்கிருந்து வேலை செய்கிறது. பின்னே பிடித்திழுக்கும் தண்ணீரோ படகின் உடம்போடு இருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் படகின் முனை காற்றை நோக்கித் திரும்பும். அதை நீங்கள் சுக்கானை வைத்துத் தடுக்கிறீர்கள். கை வலிப்பது அதற்குத்தான்.

எனவே படகு 15 டிகிரிக்கு மேல் சாயத் தொடங்கியதும் பெரிய பாயில் ஒரு ரீஃப் எடுங்கள், அதாவது அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பாயைச் சுருக்குங்கள். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று யாராவது சொல்கிற நேரம்தான் ரீஃப் எடுக்க வேண்டிய நேரம். டிராவலர், அதாவது பெரிய பாயைப் பிடித்திருக்கும் கயிறு குறுக்கே நகர்வதற்கான தண்டவாளம், இருந்தால் காற்று போகும் பக்கமாக அதை இறக்கிவிடுங்கள். பாயை ஏற்றும் கயிற்றையும் அடி ஓரத்து இழுகயிற்றையும் இறுக்கிப் பாயைத் தட்டையாக்குங்கள். பழைய பாய் என்றால் துணி தளர்ந்து, அதன் தொந்தி பின்பக்கமாக நகர்ந்திருக்கும். அதுவும் முனையைக் காற்றுப் பக்கம் திருப்பும். இத்தனைக்கும் செலவு ஒரு பைசா இல்லை.

திருந்தியதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி. டில்லரின் நீளம் சுக்கான் அச்சிலிருந்து ஒரு மீட்டர் என்றால், முனையில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 17 மி.மீ. நகரும். டில்லர் நேராக இருக்கும்போது அதன் முனைக்கு நேரே ஒரு டேப் ஒட்டுங்கள். அங்கிருந்து இருபுறமும் 9 செ.மீ. தள்ளி இன்னொரு டேப். அது 5 டிகிரி. டில்லர் காற்று வரும் பக்கமாக 3 முதல் 5 டிகிரி வரை நிற்பது ஆரோக்கியம். கைக்கு ஒரு உணர்வு கிடைக்கும், கைவிட்டால் படகு தானாகக் காற்றைப் பார்த்து நின்றுகொள்ளும். 10 டிகிரியில் நிற்கிறது என்றால் சுக்கான் தண்ணீரில் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரீஃப் எடுத்த பிறகு படகு வேகம் கூடுவதையும் பார்ப்பீர்கள். நண்பர்கள் நம்ப மாட்டார்கள், ஜிபிஎஸ்ஸைக் காட்டுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் பாய்மரத்தின் சாய்வைப் பாருங்கள். மரம் அதிகமாகப் பின்னால் சாய்ந்திருந்தால் பாயின் விசை மையமும் பின்னால் போயிருக்கும். காற்றில்லாத நேரத்தில், படகு மட்டமாக நிற்கும்போது, பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் ஒரு கனமான ஸ்பேனரைக் கட்டித் தொங்கவிடுங்கள். பூம், அதாவது பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பு, இருக்கும் மட்டத்தில் அது மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் பின்கம்பியைத் தளர்த்தி முன்கம்பியை இறுக்குங்கள். ஒரு நேரத்தில் சில திருகுகள் மட்டும். அளக்காமல் திருகினால் பழைய இடத்துக்குத் திரும்பி வரத் தெரியாது.

அடுத்தது சுக்கான் பலகை. ஆழமில்லாத இடத்தில் மேலே மடக்குகிற வகை என்றால் அது முழுக்க இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். கட்டும் கயிறு கொஞ்சம் நீண்டு, பலகை பின்னால் சாய்ந்து நின்றாலே போதும், தண்ணீரின் அழுத்தம் அச்சிலிருந்து தள்ளிப் போய் டில்லர் இரட்டிப்பாகக் கனக்கும். டில்லர் கனக்கிறது என்று வருகிற படகுகளில் இதை முதலில் பார்ப்பது என் வழக்கம். கயிற்றை மாற்றினால் வேலை முடிந்துவிடும்.

பலகை புதிதாகச் செய்வதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்: தண்ணீருக்குள் இருக்கும் பரப்பில் 10 முதல் 15 சதவீதம் கீல் அச்சுக்கு முன்னால் வருமாறு பலகையின் கீழ்ப்பகுதியை முன்னால் நகர்த்தி வரையுங்கள். முன்னால் இருக்கும் அந்தப் பகுதியில் மோதும் தண்ணீர் உங்கள் கைக்குப் பதிலாகத் தள்ளும். ஆசைப்பட்டு 20 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் சுக்கான் தானாக ஒரு பக்கம் பாய்ந்து டில்லரைக் கையிலிருந்து பிடுங்கும். குறுக்குவெட்டு வடிவமும் முக்கியம். வெறும் பலகையை அப்படியே மாட்டினால் கொஞ்சம் அதிகம் திருப்பியதுமே தண்ணீர் அதன் முதுகை விட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் சுக்கான் திருப்பாது, இழுக்க மட்டும் செய்யும். நாகா 0012 என்ற பழைய விமான இறக்கை வடிவம் இதற்குப் போதும். தடிமன் அகலத்தில் 12 சதவீதம், மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில். பலகை 40 செ.மீ. அகலம் என்றால், முன்னாலிருந்து 12 செ.மீ. தள்ளி 48 மி.மீ. தடிமன். முன்விளிம்பு உருண்டை, பின்விளிம்பு மெல்லிசு.

சரி, நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். டில்லரை ஒரு மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டராக்கினால் கைக்கு வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். 20 கிலோ 16 கிலோவாகும். ஆனால் 30 டிகிரி திருப்பும்போது முனை பக்கத்துக்கு 50 செ.மீ. போன இடத்தில் இனி 62 செ.மீ. போகும். 24 அடிப் படகில் நான்கு பேர் உட்கார்ந்தால் அது யாருடைய முழங்கால் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சுக்கான் மேல் இருக்கும் சுமையோ அப்படியே இருக்கிறது; கீலும் பின்சுவர் போல்ட்டும் அதைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கார் ரேக் சமாசாரம் வேறு. ரேக், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் ஓடும் பல்கம்பி, நகரும் தூரம் மொத்தம் ஒரு சாண்தான். அதற்குள் சுக்கானை இருபுறமும் 30 டிகிரி திருப்ப வேண்டுமென்றால் சுக்கான் அச்சில் மாட்டும் கை 15 செ.மீ. அளவில்தான் இருக்க முடியும். ஒரு மீட்டர் டில்லரின் முனையில் 20 கிலோ என்பது 15 செ.மீ. கையில் 130 கிலோவைத் தாண்டும். ரேக் அதைத் தாங்கும், சந்தேகமில்லை. ரேக்கை எதில் போல்ட் போடப் போகிறீர்கள்? உங்கள் படகின் ஃபைபர் தளம் அலைக்கு அலை அந்த இழுப்பைத் தாங்குமா? உப்புத் தண்ணீரில் அதன் கிரீஸ் எத்தனை மாதம் நிற்கும்? அதோடு பல்சக்கர உராய்வு வந்துவிட்டால் சுக்கானில் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போகும். அந்த உணர்வுதான் டில்லரின் பெரிய லாபம். வீல் போட்டாலும் அது பழுதானால் மாட்ட ஒரு டில்லர் வைத்திருக்கத்தான் வேண்டும். 30 அடிக்குக் கீழே வீல் என்பது என் பார்வையில் அழகுக்கு மட்டும்.

கேள்வி: டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகிறதாமே, ஏன்?
— 11ஆம் வகுப்பு மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, அச்சு நடுவில் இருக்கிறது. டில்லர் அச்சுக்கு முன்னால், சுக்கான் பலகை பின்னால். டில்லர் இடப்பக்கம் போனால் பலகையின் பின்விளிம்பு வலப்பக்கம் போகும். ஓடிவரும் தண்ணீர் பலகையின் வலது முகத்தில் மோதி, படகின் பின்பக்கத்தை இடப்பக்கம் தள்ளும். பின்பக்கம் இடது போனால் முனை வலது போகும், அவ்வளவுதான். படகு பின்பக்கத்தால்தான் திரும்புகிறது என்பதை மறக்காதே. கரைச்சுவரை ஒட்டி நிற்கும்போது சட்டென்று திருப்பினால் முனை விலகும், பின்பக்கம் சுவரில் இடிக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். பெரிய கப்பல்களில் சக்கரம் வந்த பிறகும், மாலுமிக்குத் தரும் ஆணை டில்லரைக் கணக்கில் வைத்தே இருந்தது. "வலது" என்று சொன்னால் டில்லர் வலது, கப்பல் இடது. 1912இல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் தந்த ஆணை வலப்பக்கத்தைச் சொன்னது, கப்பல் இடப்பக்கம்தான் திரும்பியது. மாலுமி தவறாகத் திருப்பினார் என்று கதை கட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த வழக்கம் 1933 தொடக்கத்தில்தான் மாறியது.

கேள்வி: கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறேன். சென்னையில் அண்ணன் வேலை பார்க்கும் படகில் தேக்கு டில்லர் வளைவில் பிளந்துவிட்டது. ஒரே கட்டையில் வளைவாக அறுத்துச் செய்ததாம். புதிதாக நானே செய்து தரலாம் என்றிருக்கிறேன். ஸ்லாபில் பூசுகிற எபாக்சி கைவசம் இருக்கிறது, அதில் ஒட்டலாமா? மரம் எது நல்லது?
— வாசகர், பர்கூர்

பதில்: பிளந்ததில் ஆச்சரியமில்லை. நேரான கட்டையிலிருந்து வளைவை அறுத்தால் மரத்தின் ரேகை வளைவோடு போகாது, குறுக்கே வெளியேறிவிடும். அந்த இடத்தில் ஒருநாள் பிளக்கும். பட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்யுங்கள், அதற்கு ஈடு இல்லை.

மரம் தேக்கே போதும். கருவேலம் கலப்பைக்கும் வண்டிக்கும் அருமையான மரம், டில்லருக்குக் கனம் அதிகம். புளியமரம் நம் மாவட்டத்தில் சாலைக்குச் சாலை நிற்கிறது என்பதற்காக அதில் இறங்காதீர்கள். அது கறிக்கடை வெட்டுக்கட்டைக்கு இருக்கட்டும். நன்றாக உலர்ந்த தேக்கை 5 மி.மீ. பட்டையாக, முடிச்சு இல்லாமல், ரேகை நேராக ஓடுகிற மாதிரி அறுத்து வாங்குங்கள். எட்டு பட்டை சேர்ந்தால் 40 மி.மீ. வரும். வளைவு அதிகமென்றால் பட்டையை இன்னும் மெல்லிசாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒட்டும் முன் பட்டைகளை வெறுமனே அச்சில் வளைத்துக் கட்டிப் பாருங்கள். அப்போதே முறுக்கினால் தடிமன் கூடுதல்.

அச்சு என்பது ஒரு பழைய பலகையின் மேல் வளைவாகத் திருகிய மரக்கட்டைகள், வேறொன்றுமில்லை. அதன் மேல் பாலிதீன் விரியுங்கள், இல்லாவிட்டால் டில்லர் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். வளைவைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். கழற்றியதும் பட்டைகள் சற்றே நிமிரும்.

உங்கள் எபாக்சிக்கு வருவோம். ஸ்லாபுக்கு வருவது விரிசலுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் மாதிரி மெல்லிசாகச் செய்தது. மரப்பட்டைகளுக்கு நடுவே ஊற்றினால் வழிந்து போகும், மரம் மீதியைக் குடிக்கும், ஒட்டுக்கு எதுவும் மிஞ்சாது. மரம் ஒட்டவென்று விற்கும் எபாக்சியை வாங்குங்கள். முதலில் அதை அப்படியே எல்லா முகத்திலும் ஒரு கை பூசி ஊறவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து தயிர் பதத்துக்குக் கெட்டியாக்கிப் பூசுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். நேற்று துடைத்தேன் என்பது கணக்கில் வராது, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

கிளாம்பை உயிர் போகிற மாதிரி இறுக்காதீர்கள். தச்சு வேலையில் ஃபெவிகாலுக்கு இறுக்கிப் பழகியவர்கள் எபாக்சியைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். 10, 15 செ.மீ. இடைவெளியில் ஒரு கிளாம்ப், ஓரத்தில் பசை முத்து முத்தாக எட்டிப் பார்த்தால் போதும். சித்திரை வெயிலில் கலக்கிய எபாக்சி கிண்ணத்திலேயே சூடாகிக் கெட்டியாகும். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், கலவையை ஆழமான டப்பாவில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள்.

போல்ட் ஓட்டையை நேரடியாகப் போட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கி மரத்தைக் கறுப்பாக்கும். வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்சியால் அடைத்து, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். மேலே வார்னிஷ் அடிக்கத்தான் வேண்டும், ஆனால் வெயில் வார்னிஷைத் தின்றுவிடும். எபாக்சிக்கும் வெயில் ஆகாது. டில்லருக்கு ஒரு கேன்வாஸ் உறை தைத்துப் போட்டால் வருஷா வருஷம் தேய்த்து அடிக்கிற வேலை குறையும். கார் சீட் கவர் தைக்கும் கடையில் சொன்னால் அரை மணியில் தைத்துத் தருவார்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கடல் படகுக்கு யோசனை சொல்கிறீர்களே?
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: அம்மா, உங்கள் ஊர் வழியாகத்தானே சாலை போகிறது! ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், அப்புறம் கடல். அந்தச் சாலையில் மாம்பழம் கிழக்கே போகிறது, படகுச் சாமான் ஓசூர் லேத் பட்டறைகளுக்கு மேற்கே வருகிறது. நான் நடுவில் இருக்கிறேன்.

கேள்வி: ஓசூரில் லேத் வைத்திருக்கிறேன். சுக்கான் கீலுக்கு 25 மி.மீ. பின்னும் (கீல் சுழலும் ஆணி) புஷ்ஷும் கேட்டு ஒரு படகுக்காரர் வந்தார். பித்தளை புஷ் போடலாமா, நைலான் போடலாமா? பின்னுக்கு 304 ஸ்டெயின்லெஸ் போதாதா?
— பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: பித்தளை வேண்டாம். கடல் தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்துவிடும். மிச்சம் இளஞ்சிவப்பாக, சுரண்டினால் உதிர்கிற செம்பு நிற்கும். பார்வைக்கு முழுசாக இருக்கும், ஒரு அலையில் நொறுங்கும். உலோகம்தான் வேண்டுமென்றால் கன்மெட்டல் என்கிற வெண்கலம்.

நைலான் லேத்துக்கு இனிமையான சரக்கு, தெரியும். ஆனால் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் 8, 9 சதவீதம்வரை தண்ணீரை எடுத்துக்கொண்டு ஊதும். நீங்கள் பட்டறையில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி பொருத்திக் கொடுத்த புஷ், கடலில் சில வாரத்தில் பின்னைக் கவ்விப் பிடிக்கும். படகுக்காரர் டில்லர் கனக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுவார். டெல்ரின் என்று கேட்டால் ஓசூரில் கிடைக்கும் அசிடால் பிளாஸ்டிக் ராடை எடுங்கள். அது குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. 25 மி.மீ. பின்னுக்கு 0.2 மி.மீ. அளவில் இடைவெளி விட்டால் போதும். கிரீஸும் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துத் தேய்க்கும்.

பின் 316 ஆகவே இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். புஷ்ஷுக்குள் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீரில் அது கிடைக்காது. 304 அந்த மறைவிடத்தில்தான் குழிகுழியாக அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். 316இல் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் அதைப் பெருமளவு தடுக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். இரண்டையுமே காந்தம் அவ்வளவாக இழுக்காது. மில் சான்றிதழைக் கேளுங்கள், அல்லது மாலிப்டினம் சோதனைச் சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீல் தகடு அலுமினியம் என்றால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷரும் ஸ்லீவும் கட்டாயம். இரண்டும் நேரடியாகத் தொட்டால், உப்புத் தண்ணீரில் அது பேட்டரிதான். கரைவது அலுமினியம்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலுக்கு ஒரு சுக்கான் வைத்தால் பரிசல்காரருக்குச் சிரமம் குறையாதா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: குறையாது. சுக்கான் வேலை செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் அதைத் தாண்டி ஓட வேண்டும். பரிசல் காவிரியோடு சேர்ந்து மிதந்து போகிறது. கரையிலிருந்து பார்த்தால் வேகம், ஆனால் பரிசலுக்கும் அதைச் சுற்றியுள்ள தண்ணீருக்கும் நடுவே வேகம் கிட்டத்தட்ட இல்லை. சுக்கானில் மோத எதுவும் இருக்காது. போதாததற்கு வட்ட வடிவம், அடியில் நீளக் கட்டை எதுவும் கிடையாது, எந்தப் பக்கம் முன் என்று அதற்கே தெரியாது. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் வாரி இழுக்கிறாரே, அது தள்ளுவதும் திருப்புவதும் சேர்ந்த வேலை. பாறை இடுக்கில் சுக்கான் மாட்டினால் முதலில் உடைவதும் அதுதான். இருக்கிறபடியே இருக்கட்டும்.

பாய்ப்படகுக்காரர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. திருப்பத்தின் நடுவே காற்றைப் பார்த்து நின்று, வேகம் செத்துவிட்டால் டில்லரை எவ்வளவு ஆட்டினாலும் படகு கேட்காது. முதலில் வேகம் பிடிக்க விடுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் மட்டும் போகிறோம். டில்லரை விட்டு எழுந்து ஒரு டீ போட முடியவில்லை. டில்லர் பைலட் வாங்கலாமா? மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஓசூர்

பதில்: வாங்குங்கள், நல்ல சாமான். 12 வோல்ட்டில் ஓடும் ஒரு கம்பி நீண்டும் சுருங்கியும் டில்லரைத் தள்ளும், இழுக்கும். சந்தையில் அதிகம் புழங்கும் மாடல்களுக்கு டில்லரில் வைக்கும் ஆணி, சுக்கான் அச்சிலிருந்து 460 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஆணியிலிருந்து பக்கவாட்டில் பைலட் உட்காரும் குழிவரை சுமார் 590 மி.மீ. உங்கள் மாடலின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் துளையுங்கள். டில்லர் நேராக நிற்கும்போது பைலட் அதற்கு 90 டிகிரியிலும் மட்டமாகவும் இருக்க வேண்டும். இருக்கையின் உயரம் ஒத்துவராவிட்டால் டில்லருக்கு அடியில் ஒரு தாங்கி வைத்து மட்டத்தைச் சரிக்கட்டுங்கள், சாய்வாக மாட்டாதீர்கள். குழிக்கு அடியில் ஒட்டுப்பலகை வைத்து எபாக்சியில் பதியுங்கள். பைலட்டுக்குள் திசைகாட்டி இருக்கிறது. பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதன் காந்தம் உங்களை வேறு ஊருக்குக் கூட்டிப் போகும்.

ஆனால் காவேரிப்பட்டணத்துக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான். பாய் சமநிலையில் இல்லாமல் டில்லர் கனக்கும் படகில் பைலட்டை மாட்டினால், உங்கள் கை பட்ட பாட்டை அதன் மோட்டார் படும். பேட்டரி சாயந்திரத்துக்குள் தீரும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் கிளம்பி 1969 ஏப்ரலில் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர். படகு சுஹைலி, 32 அடி, நம் மும்பையில் தேக்கில் கட்டியது. காற்றாடி வைத்துத் தானாக ஓட்டும் அவருடைய கருவி ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது உடைந்துபோனது. மீதி வழி முழுக்கப் பாய்களைச் சமநிலைப்படுத்தி, டில்லரைக் கட்டிவைத்தே வந்தார்.

பைலட் வாங்கும் முன் ஒரு மலிவான வழியையும் பாருங்கள். காற்று வரும் பக்கம் ஒரு கப்பி. முன்பாயை இழுத்துப் பிடித்திருக்கும் ஷீட் என்ற கயிற்றில் ஒரு மெல்லிய கயிற்றை முடிந்து, கப்பி வழியாக டில்லருக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். எதிர்ப்பக்கம் மருந்துக் கடையில் கிடைக்கும் லேடெக்ஸ் ரப்பர் குழாய். காற்று பலத்தால் ஷீட் இறுகி டில்லரைக் காற்றுப் பக்கம் இழுக்கும், முனை காற்றிலிருந்து விலகும். காற்று குறைந்தால் ரப்பர் திரும்ப இழுக்கும். ரப்பரின் இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பார்க்கப் பொறுமை வேண்டும். பிடிபட்டுவிட்டால் டீ மட்டுமல்ல, உப்புமாவே கிண்டலாம்.

கேள்வி: டில்லரைப் பிடிக்கக் குனிந்தே உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது.
— வாசகர், தருமபுரி

பதில்: டில்லர் நுனியில் எந்தப் பக்கமும் மடங்கும் ரப்பர் மூட்டு போட்டு ஒரு நீட்டுக் கோல் மாட்டுங்கள். நம் சென்னை நேத்ரா குமணனும் வேலூர் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டியது அப்படிப்பட்ட கோலைப் பிடித்துத்தான். மேல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, பாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். அலுமினியக் குழாய் வாங்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கெட்டி மூங்கில் கிடைத்தால் அதுவே லேசு, கைக்கும் சுடாது.

கேள்வி: நடுக்கடலில் டில்லர் உடைந்தால் என்ன செய்வது?
— வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் பாயைக் குறையுங்கள். பெரிய பாயைத் தளர்த்தி முன்பாயை இழுத்தால் முனை காற்றிலிருந்து விலகும். பெரிய பாயை இழுத்து முன்பாயைத் தளர்த்தினால் காற்றை நோக்கி வரும். இதை நல்ல நாளில், டில்லரை நடுவில் கட்டிவைத்துப் பழகிப் பாருங்கள். சுக்கானே போய்விட்டால், கயிறு கட்டிய வாளியைப் பின்னால் இழுக்க விடுங்கள். வலப்பக்கம் இழுத்தால் படகு வலது திரும்பும், இடப்பக்கம் இழுத்தால் இடது.

டில்லர் மட்டும் என்றால் மாற்று டில்லர் எளிது. ஒன்றேகால் இன்ச் ஜிஐ பைப்பில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையை வைஸில் நசுக்கி, உங்கள் சுக்கான் தலைப்பில் இருக்கும் அதே ஓட்டை அளவுக்குத் துளையிட்டுக்கொள்ளுங்கள். கரையிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஓட்டை ஒரு நூல் தள்ளியிருந்தால் கடலில் அது வெறும் பைப்தான். படுக்கைக்கு அடியில் சாமான்களுக்குக் கீழே போட்டுவைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் இடத்தில் கட்டுங்கள். போல்ட், நட், இரண்டு ஸ்பேனர், எல்லாம் அதனோடேயே ஒரே பையில் இருக்கட்டும்.